விட்டுப்போன போதகர்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் புல்வெளியில் குடியேறியவர்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். குடியேறிப் பயிரிடுவோருக்கு அரசு நிலம் தரும் 1862 சட்டப்படி (ஹோம்ஸ்டெட் சட்டம்) 160 ஏக்கர் கிடைத்தது சரி, ஆனால் அங்கே தானும் உழுது, ஞாயிறானால் பிரசங்கம் செய்து, வாரப் பத்திரிகையும் நடத்திய போதகர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! குடியேறியவர் அந்த நிலத்தைத் தன் பெயருக்குப் பெறப்போவதை உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரப்படுத்த வேண்டும் என்று 1879இல் சட்டம் வந்தது, சின்னப் பத்திரிகைகள் பலவற்றுக்கு அந்தக் காசுதான் உயிர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத் தொகுப்பில் அந்தப் புல்வெளி மாநிலமான நெப்ராஸ்காவின் பழைய இதழ் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் வரிசையாக அந்த அறிவிப்புகள், ஒவ்வொன்றிலும் அவர் அங்கே குடியிருந்து பயிரிட்டதற்குச் சாட்சியாக நான்கு அக்கம்பக்கத்தார் பெயர்.

அப்படி ஒரு பக்கத்தை அப்படியே தமிழாக்கி வெளியிடுங்கள், கூடவே அந்த மண்ணை இழந்த பழங்குடிகளின் கதையையும்.