கட்டணத்தை முதலிலேயே சொல்லலாமே

ஆசிரியருக்கு,

தனியார் உளவியல் சிகிச்சைக்கான கட்டணம் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். தொகை அதிகம் என்பதை மட்டுமே அது பேசுகிறது. எனக்கென்னவோ, விவரத்தை முன்கூட்டியே சொல்லாததுதான் பெரிய குறையாகப் படுகிறது. ஒரு மணி நேர அமர்வு என்பது பெரும்பாலும் 50 நிமிடம்தான். மீதி நேரம் சிகிச்சையாளர் குறிப்பெழுத. அது நியாயமே, ஆனால் யார் சொல்கிறார்கள்? காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள், காலையிலேயே போன் செய்து வர முடியாது என்றேன். சரி என்றார்கள். அடுத்த வாரம் உள்ளே போகும் முன் நீட்டிய பில்லில் இரண்டு அமர்வுக்கான தொகை இருந்தது. 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டுமாம். மனம்விட்டுப் பேசப் போன இடத்தில் பாதி நேரம் அந்தப் பில்லையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் அமர்வுக்கு முன்பே இவற்றை ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்கலாம். வசதி குறைந்தவர்களுக்குச் சலுகை உண்டா என்பதும் அதில் இருக்கட்டும். கேட்கக் கூசுபவர்களே அதிகம். அப்புறம், மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் தனியாகப் போக வேண்டியிருக்குமா என்பதையும் சேர்த்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்