இடுப்பு அறுவை சிகிச்சை: வீட்டுக்கு வந்த பிறகும் வலிப்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை மருத்துவமனை சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அடுத்த மூன்று மாதப் பாடு முழுக்க வீட்டில்தான். பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் இப்படிப்பட்டவர்களை எழுப்பி நடக்கப் பழக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். எங்களிடம் அதிகம் வரும் புகார் ஒன்றே ஒன்று: "ரெண்டு மாசமாச்சு, இன்னும் வலிக்குது. ஆபரேஷன் சரியில்ல போல."

பெரும்பாலும் ஆபரேஷனில் குறை இருக்காது. மாத்திரை சாப்பிடும் நேரம், உட்காரும் நாற்காலி, குளியலறை வாளி, ஒரு நாள் அளவுக்கு மீறி நடந்துவிட்டு மறுநாள் படுத்தே கிடப்பது, பத்தியம் என்று தட்டில் சத்தே இல்லாமல் போவது இவைதான் காரணமாக இருக்கும். இவற்றை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

முதலில், என்ன அறுவை சிகிச்சை நடந்தது என்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. தேய்ந்த மூட்டின் பந்து, கிண்ணம் இரண்டையும் மாற்றுவது ஒரு வகை. விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தவருக்குப் பந்தை மட்டும் மாற்றுவது இன்னொன்று. கழுத்துக்குக் கீழே முறிந்தால் தகடும் திருகாணியும் வைத்தோ, எலும்புக்குள் கம்பி செலுத்தியோ இணைப்பார்கள். மூட்டு மாற்றியவர் பொதுவாக மறுநாளே வாக்கரைப் பிடித்துக் காலை ஊன்றி நிற்பார். தகடோ கம்பியோ வைத்தவர் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை முறிவைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தேதி குறித்துத் தயாராகிப் போனவரும், வழுக்கி விழுந்து அவசரமாகக் கொண்டுபோகப்பட்டவரும் ஒரே வேகத்தில் தேறமாட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை மூன்றே வாரத்தில் மார்க்கெட்டுக்குப் போய்வந்தார் என்ற பேச்சை வீட்டில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

வலிக்கு வருவோம். மூட்டை அடைய வேண்டுமென்றால் தசையை விலக்க வேண்டும், சில இடங்களில் அறுத்துத் திரும்பத் தைக்க வேண்டும். அந்த வீக்கம் தொடை, முழங்கால், கணுக்கால் என்று கீழே இறங்கும். ரத்தக்கட்டின் நீலம் ஒரு வாரம் கழித்து முழங்காலுக்குப் பின்னால் தெரிந்தால் அது மேலேயிருந்து வடிந்ததுதான். முழங்காலிலும் வலி எடுக்கும். இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகளின் கிளைகள் முழங்காலுக்கும் போகின்றன. வீக்கம் காலையில் குறைந்து மாலையில் கூடுவது மூன்று மாதம்வரை இருக்கலாம், சிலருக்கு அதற்கு மேலும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வலி கூடியதுபோல் தோன்றுவதும் உண்டு. பலமான மாத்திரையை நிறுத்தும் நேரமும், நடமாட்டம் கூடும் நேரமும் அப்போது ஒன்றாக வருகின்றன.

வலி இருக்கிறதா என்று பார்ப்பதைவிட அது எப்போது அடங்குகிறது என்று பாருங்கள். பயிற்சி செய்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலி பழைய நிலைக்கு வந்தால் அளவு சரி. மறுநாள் காலை எழும்போது முந்தைய நாள் காலையைவிட அதிகமாக வலித்தால், செய்தது அதிகம். அன்று பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம். அரை மணி நேரம் ஒரே மூச்சில் நடப்பதைவிட, ஐந்து நிமிடம் வீதம் நாளுக்கு ஐந்து ஆறு தடவை நடப்பது வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும். நடந்து முடித்ததும் படுத்துக் காலை உயர்த்தி, துண்டில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். நீரிழிவால் தோல் மரத்துப்போனவர்களுக்கு ஐஸ் சுட்டாலும் தெரியாது, ஆகவே இடையில் எடுத்துத் தோலைப் பார்க்க வேண்டும்.

வலி முற்றும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு மாத்திரை போடுவது நம்மவர்களிடம் அதிகம். முதல் இரண்டு வாரம் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நேரம் தவறாமல் போடுங்கள். பாராசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சளி மாத்திரையிலும் பாராசிட்டமோல் கலந்திருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். ஒரு வேளை மாத்திரையைப் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பும், இன்னொன்றைப் படுக்கப்போகும் நேரத்திலும் வருமாறு வைத்தால் பகலும் ஓடும், தூக்கமும் வரும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள். நீரிழிவும் ரத்த அழுத்தமும் சேர்ந்தவர்களின் சிறுநீரகம் அதைத் தாங்காது. டிராமடோல் என்ற பலமான வலி மாத்திரை தலைசுற்றலைக் கொடுக்கும், மலத்தைக் கட்டும், வயதானவர்களைக் குழப்பும். அதைச் சாப்பிடுகிறவரை இரவில் தனியாகக் கழிப்பறைக்கு விடக் கூடாது.

குளியலறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். மூட்டை மாற்றும்போது இடுப்பின் பின்பக்கமாகத் திறந்திருந்தால், முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் மூன்று அசைவுகள் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள்: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவது, கால்மேல் கால் போடுவது, கால்விரல் உள்நோக்கித் திரும்புமாறு காலைச் சுழற்றுவது. மூன்றும் ஒன்றுசேர்ந்தால் பந்து கிண்ணத்திலிருந்து நழுவலாம். இதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்கு வந்ததும் தரையில் இருக்கும் வாளியிலிருந்து தண்ணீர் மொள்ளக் குனிவார்கள். சோப்பு விழுந்தால் எட்டி எடுப்பார்கள். உட்கார்ந்தபடியே பாதத்தைத் தேய்க்கக் காலை உள்ளே திருப்புவார்கள். கூடாது என்று சொன்ன மூன்றும் ஒரே குளியலில் முடிந்துவிடும். வாளியை ஒரு முக்காலிமேல் ஏற்றுங்கள். குளிக்க ரப்பர் அடி வைத்த, கைப்பிடியுள்ள நாற்காலி போடுங்கள். முதுகுக்கும் பாதத்துக்கும் நீளக் கைப்பிடி பிரஷ் போதும். குந்தும் கழிப்பறையாக இருந்தால் அதன்மேல் கமோட் நாற்காலி வைக்க வேண்டும். முன்பக்கமாகத் திறந்து மூட்டு மாற்றியவர்களுக்கு விதி வேறு: காலைப் பின்னால் நீட்டி வெளிப்புறமாகத் திருப்புவதுதான் அவர்களுக்கு ஆபத்து. எந்தப் பக்கம் திறந்தார்கள் என்று கேட்டுவைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

நாற்காலிக்கும் கணக்கு உண்டு. நோயாளியை நிற்க வைத்துத் தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, அதோடு ஐந்து சென்டிமீட்டராவது கூட்டுங்கள். அந்த உயரத்தில் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிட மேலே இருக்கும். வரவேற்பறைச் சோபா அநேகமாக எல்லா வீட்டிலும் இதைவிடத் தாழ்வு, அதோடு அமுங்கும். கைப்பிடி உள்ள ஒரே மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் கொஞ்சம் உயரமும் கிடைக்கும், உறுதியும் கிடைக்கும். எழும்போது முதலில் முன்னுக்கு நகர்ந்து, அறுவை செய்த காலை நீட்டிவைத்து, கைப்பிடியை அழுத்தி எழ வேண்டும். வாக்கரை இழுத்து எழுந்தால் அது முகத்துக்கே வரும். தரையில் இருக்கும் குத்துவிளக்கையும் சாமி படத்தையும் மேசைமேல் ஏற்றிவிடுங்கள். தரைவரை புரளும் கைலியைக் கணுக்காலுக்கு மேல் கட்டுங்கள். பின்வார் இல்லாத செருப்பு வேண்டாம்.

வாக்கரின் உயரம், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு ரேகைக்குச் சரியாக வர வேண்டும். முதலில் வாக்கர், பிறகு அறுவை செய்த கால், பிறகு நல்ல கால். முன் கம்பியில் இடிக்கும்வரை உள்ளே நுழைந்து நடந்தால் பின்பக்கம் சாய நேரிடும். கைத்தடிக்கு மாறும்போது எங்களுக்கும் குடும்பத்தாருக்கும் தவறாமல் ஒரு வாக்குவாதம் வரும்: தொங்காட்டை, அதாவது கைத்தடியை, நல்ல காலின் பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும். அறுவை செய்த காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் தாங்குவது மூட்டின் வெளிப்பக்கத் தசை. அது பலமிழந்து கிடக்கிறது. எதிர்க்கையில் ஊன்றினால் அந்தச் சுமையில் ஒரு பங்கைத் தடி வாங்கிக்கொள்ளும். வலிக்கும் பக்கமே ஊன்றினால் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்து, நொண்டுவதே பழக்கமாகிவிடும். வெட்கத்துக்காகத் தடியைச் சீக்கிரம் விட்டவர்கள்தான் பிறகு நெடுநாள் நொண்டுகிறார்கள். சாயாமல் நடக்க வரும்வரை தடி இருக்கட்டும். கடைவீட்டு முன் நடைபாதையான ஐந்தடியின் ஈரத் தளத்தில் தேய்ந்த ரப்பர் முனை வழுக்கும், முனையை அடிக்கடி புரட்டிப் பாருங்கள்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் அறுவை செய்த காலும் முதலில். மின்தூக்கி நிற்காத மாடிகளில் குடியிருப்பவர்கள் வீடு திரும்புவதற்கு முன்பே மருத்துவமனையில் படி ஏறிப் பழக வேண்டும். தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை எப்போது ஏறலாம் என்ற கேள்வியும் வந்துவிடும். கைப்பிடியை இழுக்காமல், ஒரு படிக்கு ஒரு கால் என்று மாறி மாறி இரண்டு மாடி ஏறி இறங்க வராதவரை கீழேயே கும்பிடுவது நல்லது. ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைச் சோதிக்கும்.

காரில் ஏற, முன் இருக்கையை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளிக் கொஞ்சம் சாயுங்கள். முதுகைக் காட்டி நின்று, இருக்கை காலில் இடித்ததும் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பை போட்டால் சுழல்வது எளிது. வண்டி புறப்படுமுன் அதை உருவிவிடுங்கள்.

பயிற்சியில் எதையும் சிக்கலாக்கத் தேவையில்லை. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை பாதத்தை மேலும் கீழும் பத்து முறை அசைப்பது, தொடை முன்தசையையும் பின்புறத் தசையையும் இறுக்கி ஐந்து எண்ணுவது, மேசையைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்குவது, உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. மருத்துவர் தடை சொல்லாவிட்டால், பாத அசைவு தவிர மற்றவை ஒவ்வொன்றும் பத்து, நாளுக்கு மூன்று வேளை. பக்கவாட்டில் தூக்கும்போது உடம்பைச் சாய்த்துத் தூக்குவார்கள். அது ஏமாற்று, தசைக்கு வேலை போய்ச் சேராது.

இப்போது உருவிவிடும் விஷயம். வலி தீரவில்லை என்றதும் எண்ணெய் போட்டு உருவுகிறவரை அழைத்துவருவது இங்கே சகஜம். காலின் ஆழ்நாளத்தில் ரத்தக்கட்டி இருந்தால் அழுத்தி உருவும்போது அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். மூட்டை மடக்கித் திருப்பினால் அது நழுவலாம். ஆறாத தையலில் எண்ணெய் படுவதும் நல்லதில்லை. மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் வேண்டவே வேண்டாம். ரத்தக்கட்டி வராமலிருக்க, ரத்தத்தை இளக்கும் மருந்து மூட்டு மாற்றியவர்களுக்குப் பொதுவாக நான்கைந்து வாரம் கொடுக்கப்படுகிறது. தையல் பிரித்தாயிற்றே என்று இரண்டாம் வாரத்தில் அதையும் நிறுத்திவிடுகிறார்கள். சொன்ன நாள்வரை எடுக்க வேண்டிய மருந்து அது.

பத்தியமும் அதே மாதிரிதான். முட்டை கூடாது, மீன் கூடாது, புண் சீழ் பிடிக்கும் என்று கஞ்சியும் ரசமுமாகப் போட்டால் தசை எதைக் கொண்டு வளரும்? 60 கிலோ எடையுள்ளவருக்கு இந்தக் காலத்தில் நாளுக்கு 70 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம், 100 கிராம் மீனிலோ, சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயிலோ ஏறக்குறைய 20 கிராம், ஒரு கிண்ணம் பருப்பில் எட்டு. சிறுநீரக நோயாளிகள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஹாருவான் (விரால்) மீன் நல்லதுதான், ஆனால் சாற்றை மட்டும் குடித்துவிட்டுச் சதையை ஒதுக்கினால் புரதத்தில் பெரும்பகுதி குப்பைக்குப் போகிறது.

காத்திருக்கக் கூடாத வலியும் உண்டு. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், புண்ணில் நீரோ சீழோ கசிந்தால், காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ, சட்டென்று காலை ஊன்ற முடியாமல் கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டாலோ 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

லேசாக விழுந்தே இடுப்பு முறிந்தது என்றால் எலும்பு ஏற்கெனவே அடர்த்தி குறைந்து பலமிழந்திருக்கிறது என்று பொருள். முறிவைச் சரிசெய்ததோடு விட்டால் அடுத்த இடுப்பும் அதே வழியில் போகலாம். எலும்பு அடர்த்திப் பரிசோதனை, வைட்டமின் டி, எலும்புக்கான மருந்து ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒரு முறை எடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு கோப்பை சாதாரண நீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். தே தாரிக் என்ற பால் தேநீரெல்லாம் அதன் பிறகுதான்.

மருத்துவமனைகளிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு கொடுங்கள்: என்ன அறுவை சிகிச்சை, எந்தப் பக்கமாகத் திறந்தது, எவ்வளவு எடை ஊன்றலாம், எந்த அசைவு எந்தத் தேதிவரை கூடாது, ரத்தம் இளக்கும் மருந்து எந்தத் தேதியில் முடிகிறது. அது வரும்வரை, பிள்ளைகள் யாராவது ஒருவர் இந்த ஐந்தையும் வார்டிலேயே கேட்டுத் தமிழில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடலாம்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர்களும் தாதியரும் சிலர்,
ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த்