புகையைச் சோதிக்கிறோம், பற்றரியை யார் சோதிப்பது?

கைத்தொழில் அமைச்சிலும் வாகனத் தரத்துக்குப் பொறுப்பான இடங்களிலும் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போனேன். ஆனையிறவு தாண்டியதும் பெற்றோல் இன்ஜினும் பற்றரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் எங்கள் 2013ஆம் ஆண்டு ஹைபிரிட் காரில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. ஓரமாக நிறுத்தினேன். பிறகு ஸ்டார்ட் ஆகவேயில்லை. மோட்டாரை ஓட்டும் பெரிய பற்றரி படுத்துவிட்டால் இந்தக் காரில் இன்ஜினைச் சுழற்ற வேறு வழி கிடையாது. அந்த உப்புக்காற்றில் ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். அம்மாவுக்கு 74 வயது.

கராஜில் பின்சீட்டைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். அதன் கீழே இருக்கும் பெரிய பற்றரிப் பெட்டியில் 20 மொடியூல்கள், அதாவது சிறு பற்றரித் துண்டுகள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட். விசிறியில் பஞ்சு மாதிரித் தூசி, இணைப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு. இரண்டு மொடியூல்கள் இறங்கிவிட்டன. வேறொரு கழித்த பற்றரியிலிருந்து இரண்டை எடுத்துப் போட்டார்கள். இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. தொடராக இணைத்ததில் ஒன்று சோர்ந்தாலும் முழுப் பெட்டியும் சோர்ந்துவிடும். அடுத்தது எப்போது என்று திருத்துகிறவருக்கும் தெரியாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். சோதித்து, உத்தரவாதத்தோடு வரும் மொடியூலுக்கு அவர் எங்கே போவார்?

ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கொடுத்துத்தான் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிறோம். இறக்குமதி வரிக்கு இன்ஜின் கொள்ளளவைப் பார்க்கிறீர்கள். பற்றரியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025இல்தான் திறந்தது. இடையில் இருந்த கார்களையே ஓட்டினோம், பற்றரிகளும் எங்களோடு சேர்ந்து கிழடாகின. பழைய காரை வாங்கி லீசிங் கட்டிய குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது இதுதான்: பாவித்த ஹைபிரிட் கார் துறைமுகத்தில் இறங்கும்போதே பற்றரியைச் சோதித்துச் சான்றிதழ் கொடுங்கள். அப்புறம், பாகங்களைக் கொண்டுவந்து இங்கே கார் பொருத்துகிறவர்களுக்குச் சலுகை கொடுக்கிறீர்கள், சரி. ஹைபிரிட் கார் பொருத்த வருகிறவரிடம் பற்றரிப் பெட்டியையும் இங்கேயே அடுக்கச் சொல்லுங்கள். மொடியூலுக்குள் இருக்கும் செல் வெளிநாட்டிலிருந்து வரட்டும். அடுக்குவது, சோதிப்பது, உத்தரவாதம் கொடுப்பது இங்கே நடக்கட்டும். டயரும் 12 வோல்ட் பற்றரியும் செய்கிற நாட்டுக்கு இது முடியாத வேலை இல்லை.

தயவுசெய்து அந்தச் சோதனையையாவது முதலில் தொடங்குங்கள். அம்மாவின் அடுத்த கிளினிக் 18ஆம் திகதி. அதே காரில்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு வாகன உரிமையாளர்