படத்தில் ஒன்றுமில்லை, ஆனாலும் மாவுக்கட்டு

அன்பு நண்பா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பைக்கிலிருந்து விழுந்தபோது உள்ளங்கையை ஊன்றிய உன் மகனுக்கு வேறு எங்கும் அடியில்லை என்று அறிந்து ஆறுதலடைந்தேன். எலும்பு முறிவு தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, நான்கு படம் எடுத்து மாவுக்கட்டும் போட்டது பில்லை ஏற்றுவதற்குத்தானே என்று கேட்டிருக்கிறாய். உன் கோபம் புரிகிறது. இருந்தாலும் முப்பது ஆண்டுகள் எக்ஸ்ரே அறையில் நின்றவன் என்ற முறையில், அந்த மருத்துவரின் பக்கம்தான் பேசப்போகிறேன்.

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் இரண்டு வரிசையாக நெருங்கிக் கிடப்பதால், ஒரே கோணத்தில் எடுத்தால் ஒன்றை மற்றொன்று மறைத்துவிடும். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மணிக்கட்டு தட்டோடு ஒட்டும்படி விரல்களைச் சற்று மடக்கச் சொல்லி முதல் படத்தை எடுப்போம். பிறகு சுண்டுவிரல் பக்கம் கீழே வரும்படி நிறுத்திப் பக்கவாட்டில் ஒன்று, சாய்வாக ஒன்று. எலும்பு விலகியதும், முறிந்த துண்டு பின்னால் சாய்ந்ததும் பக்கவாட்டுப் படத்தில்தான் தெளிவாகத் தெரியும். நான்காவது படம் கட்டைவிரலுக்கு நேர் கீழே இருக்கும் ஸ்கேஃபாய்டு எலும்புக்காக. அது சாய்ந்து கிடப்பதால் சாதாரணப் படத்தில் குறுகித் தெரியும். கையைச் சுண்டுவிரல் பக்கமாகத் திருப்பினால்தான் நீளமாக விரியும். நோயாளி பல்லைக் கடிப்பதும் அந்தப் படத்துக்குத்தான்.

கதிர்வீச்சைப் பற்றிக் கவலைப்படாதே. மணிக்கட்டுப் படங்களுக்குத் தேவைப்படுவது மிகச் சொற்பம்.

கட்டைவிரலை நன்றாக நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு குழி விழும். மருத்துவர் அங்கே அழுத்தியபோது உன் மகன் துடித்திருப்பான். அந்த வலி இருந்தால், படம் சுத்தமாக இருந்தாலும் முறிவு என்றே கருதிக் கட்டுப்போடுவதுதான் முறை. மயிரிழை விரிசல் முதல் நாள் தெரியாமல் போகலாம். பத்துப் பதினான்கு நாளில் விரிசலோர எலும்பு சற்றுக் கரைந்த பிறகே கோடு புலப்படும். எம்ஆர்ஐ எடுத்தால் முன்பே தெரிந்துவிடும், ஆனால் அதன் செலவு வேறு. இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கி வருவதால், நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தமின்றிச் செத்துவிடவும் கூடும். எக்ஸ்ரே பிறந்தது 1895-இல். டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் காலிஸ், மணிக்கட்டுக்குச் சற்று மேலே நேரும் முறிவை 1814-லேயே விவரித்துவிட்டார். அழுத்திப் பார்க்கும் மருத்துவரின் விரல் சொல்வதைப் படம் மறுத்துவிட முடியாது என்று நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் என் தவறு. வரிசை நீண்டிருந்த ஒரு நாளில், வலிக்கிறது என்று கெஞ்சிய கொத்தனார் ஒருவரின் கையைத் திருப்பாமலே இரண்டு படத்தோடு அனுப்பிவிட்டேன். ஆறு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது, எலும்பின் நடுவே கறுத்த இடைவெளி, இருபுறமும் வெளுத்து இறுகிய ஓரங்கள். அது சேரவே இல்லை. கரண்டியைப் பிடித்தால் நழுவுகிறது என்று கையை நீட்டிக் காட்டினார்.

ஆகவே குறித்த நாளில் மகனை அழைத்துப் போ. பழைய படங்களையும் எடுத்துக்கொள்; புதியவற்றை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். அதற்குள் அரிக்கிறது என்று கட்டை அவனே வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்.

உன் பழைய அறைத்தோழன்