ஆற்றோரக் குடியிருப்புகளும் டர்பனின் மழையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் அமைந்துள்ள தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணக் கடற்கரையின் வெள்ள அபாயம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் 2022 ஏப்ரல் மழையை யாரும் எதிர்பார்த்திராத ஒன்றாகக் கூறுவது வழக்கமாகிவிட்டது. மழையின் அளவைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு: 11, 12 தேதிகளில் சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது, 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆனால் தண்ணீர் ஏறிய இடங்கள் பலவும் முன்பே ஆறு எச்சரித்த இடங்கள்தாம்.

1917 அக்டோபர் 28 அன்று உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் தகரக் குடிசைகளில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரான நம்மவர்களைச் சூழ்ந்தபோது, வலைவீசிப் பிழைத்த மாரிமுத்து படவட்டனும் உடனிருந்த ஐவரும் படகில் திரும்பத் திரும்பச் சென்று 176 பேரைக் கரைசேர்த்தார்கள். அந்த வீரத்தைப் பெருமையுடன் நினைவுகூரும் நாம், 'டின் டவுன்' (தகர ஊர்) எனப்பட்ட அதே பள்ளத்தில் மக்கள் 1976 வரை குடியிருந்ததையும், அவ்வாண்டு மீண்டும் வெள்ளம் புகுந்த பிறகே அவர்கள் டர்பனின் புறநகரான பீனிக்ஸுக்கு அனுப்பப்பட்டதையும் சேர்த்துச் சொல்வதில்லை. உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயிலையும் வெள்ளமே கொண்டுபோனது. கேட்டோ மேனரில் 1947இல் எழுந்த அம்பலவாணர் ஆலயம் அதற்கு மாற்றாகக் கட்டப்பட்டதே.

இன்று அத்தகைய கரைகளில் தகரமும் பலகையும் கொண்டு வீடு கட்டியிருப்போர் பெரும்பாலும் சூலு மக்களும் அயல்நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களும் ஆவர். வேறு நிலம் கிடைக்காததால் அங்கே ஒதுங்கியவர்களைப் பார்த்து 'ஏன் அங்கே குடியேறினார்கள்' என்று நம்மில் சிலர் கேட்பது, நம் பாட்டன்மாரைப் பார்த்துக் கேட்பதற்கு ஒப்பாகும். மேட்டில் இருப்போருக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. 'பெரியா' (Berea) எனப்படும் செம்மணல் குன்றுகளை வெட்டி வீடு கட்டிய இடங்களில், மண் நீரில் ஊறியதும் சரிந்துவிடுகிறது. டர்பனுக்கு வடக்கேயுள்ள டொங்காட் ஊரில் 2022 வெள்ளத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையமே சிதைந்து, வெள்ளம் வடிந்த ஊரில் மக்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள்.

புவி வெப்பமடைவதற்குமுன் சராசரியாக 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கதாக இருந்த அளவு மழை, இப்போது 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடும் என்று அந்த வெள்ளத்தை ஆராய்ந்த அறிவியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஆகவே ஒரே வீட்டுக்காரர் தம் வாழ்நாளிலேயே இருமுறை, மும்முறை இதைச் சந்திக்க நேரலாம்.

வானிலைத் துறை தன் எச்சரிக்கைகளை 1 முதல் 10 வரை எண்ணிட்டு வெளியிடுகிறது. 2022இலும் மழை வலுக்க வலுக்க அந்த எண்ணை உயர்த்தியது. ஆனால் இருட்டிய பிறகு கைப்பேசியில் வரும் ஓர் எண், ஆற்றோரத்தில் குழந்தைகளுடன் இருக்கும் பாட்டிக்கு, எழுந்து போ என்று சொல்வதில்லை; எங்கே போவது என்பதையும் சொல்வதில்லை.

எனவே, எந்த எச்சரிக்கை எண் வந்தால் எந்தத் தெருக்களில் உள்ளோர் வெளியேற வேண்டும் என்பதை நகராட்சி சூலுவிலும் ஆங்கிலத்திலும் முன்கூட்டியே வீடுதோறும் அறிவிக்க வேண்டும். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் பகுதிகளில் மேட்டில் அமைந்த கோயில்களின் கல்யாண மண்டபங்களை அத்தகைய எச்சரிக்கை வரும் இரவில் எவருக்கும் திறந்துவிடுவதென நிர்வாகக் குழுக்கள் மழைக்காலத்துக்கு முன்பே தீர்மானம் போட்டு, சாவி யாரிடம் இருக்கும் என்பதை வாசலில் எழுதி ஒட்டுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.