கேட்பு அறிவிப்பின் பின்பக்கத்தில் செலவுக் கணக்கையும் அச்சிடுங்கள்

பெறுநர்: இராமநாதபுரம் மாவட்டக் கடலோர நகராட்சிகளின் நகர்மன்றத் தலைவர்கள், ஆணையாளர்கள், பொறியாளர்கள், நகர்மன்ற உறுப்பினர்கள்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைச் சேவைக் கட்டணம், சொத்து வரிக்குள் அடங்கி வரும் குடிநீர் மற்றும் வடிகால் வரி ஆகியவற்றை எங்களிடம் வசூலிக்கிறீர்கள். அந்தப் பணம் எந்தெந்தச் செலவுக்குப் போகிறது, எவ்வளவு பற்றாக்குறை விழுகிறது என்பதை, கட்டவேண்டிய தொகையைச் சொல்லி வீட்டுக்கு வரும் கேட்பு அறிவிப்பிலேயே அச்சிட்டுத் தரவேண்டும் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதுகிறேன். கட்டணத்தைக் குறைக்கும்படி இதில் கேட்கவில்லை. கணக்கைப் பார்த்த பிறகு கட்டணம் போதாது என்று தெரியவந்தால், அதை ஒப்புக்கொள்ளவும் எங்களில் பலர் தயாராகவே இருக்கிறோம். நான் மீன் ஏற்றுமதியை நம்பி நடந்த ஒரு ஐஸ் ஆலையில் நெடுங்காலம் கணக்கு எழுதியவன். ஒரு தொகையைக் காட்டி, அது எப்படி வந்தது என்று காட்டாமல் விட்டால், கட்டுகிறவர் அதை அபராதம்போலத்தான் பார்ப்பார்.

நம் கரைக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தால்தான். கடலோரக் கிணறுகளில் பெரும்பாலானவை உவர். மணல்மேட்டில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் சிறிது சிறிதாக மொண்டு குடம் நிரப்பும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் மறையவில்லை. இந்த நிலையில்தான், திருச்சிக்கு அருகே முத்தரசநல்லூர்ப் பக்கம் காவிரி ஆற்றுப் படுகையிலிருந்து நீர் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களுக்கும் கொடுத்துக்கொண்டு நம் மாவட்டத்துக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 616 கோடி ரூபாயில் நிறைவேறியது. இராமேஸ்வரத்தில் குழாயைத் திறக்கும் ஒருவர் பிடிக்கும் குடத்துத் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டு, பாம்பனில் கடலையும் தாண்டி வந்திருக்கிறது. அந்த வீட்டுக்கு வரும் கேட்பு அறிவிப்பில் இவற்றில் ஒரு வரியும் இல்லை. வரி விதிப்பு எண், அரையாண்டு, தொகை, நிலுவை ஆகியவை இருக்கின்றன. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது.

அந்தப் பின்பக்கத்தில் முதலில் வரவேண்டியது மின்செலவு. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, எந்த இழப்பும் இல்லாத பம்பாக இருந்தாலும் 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். நடைமுறையில் பம்பிலும் மோட்டாரிலும் மூன்றில் ஒரு பங்கு வீணாவதால் 0.4 யூனிட்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு ஏற்றத்துக்கு 3 ரூபாய்க்கு மேல் செலவு. ஆனால் நீண்ட குழாயில் ஓடும் நீர், குழாயின் உட்சுவரோடு உராய்ந்தே அழுத்தத்தை இழந்துகொண்டு வரும். ஆகவே வழியில் நீருந்து நிலையங்கள் வேண்டும், ஊருக்கு வந்த பின் மேல்நிலைத் தொட்டிக்கு மறுபடியும் ஏற்றவேண்டும், கடைக்கோடி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கும்படி மருந்து கலக்கவேண்டும். இவையெல்லாம் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு நகராட்சி செலுத்தும் மொத்த நீர் விலையிலும் (மொத்தமாக வாங்கும் தண்ணீருக்கான விலை), நகராட்சியின் சொந்த மின்கட்டணத்திலும் கலந்துவிடுகின்றன. எங்களுக்குத் தெரிவதெல்லாம் கடைசியில் வந்து நிற்கும் ஒரே தொகைதான்.

அடுத்தது ஒழுக்கு. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-இல் வகுத்த சேவைத்தர அளவுகோலின்படி, ஒழுக்கு, திருட்டு, கணக்கில் வராத பயன்பாடு என்று வருவாய் தராமல் போகும் நீர் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஓர் ஊரில் அது 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கட்டணம் தரும் ஆயிரம் லிட்டருக்காக 1,667 லிட்டரை அனுப்பவேண்டும். வருவாய் தராமல் போன 667 லிட்டருக்கும் திருச்சியிலிருந்து மின்சாரம் செலவாகியிருக்கிறது. நம் ஊர்களில் இந்தச் சதவீதம் எவ்வளவு என்று எந்த வீட்டுக்காரரைக் கேட்டாலும் சொல்லமாட்டார், ஏனென்றால் அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஊர் எல்லையில் நீர் நுழையும் இடத்தில் ஒரு அளவுமானியும், ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் வெளிவாயிலில் ஒன்றும் வைத்து, அவற்றின் மாதக் கணக்கை வெளியிட்டாலே போதும், பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

வீட்டு அளவுமானி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள், சில நாட்களுக்கு ஒருமுறை தண்ணீர் விடும் தெருவில் வால்வு திறந்த முதல் சில நிமிடங்கள் நின்று பார்க்கவேண்டும். காலியாகக் கிடந்த குழாயிலிருந்து காற்று சீறிக்கொண்டு வரும். ஒரு சொட்டு நீர் விழுவதற்கு முன்பே அளவுமானியின் முள் விறுவிறுவென்று சுற்றும். அதற்குள் பக்கத்து வீடுகளில் சம்ப்புக்கு (தரைக்கீழ்த் தொட்டிக்கு) இழுக்கும் மோட்டார்கள் ஓடத் தொடங்கும். மோட்டார் இல்லாத வீட்டுக்குக் காற்றுதான் மிச்சம். அவரிடம் காற்றுக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்பது நியாயமாகாது. எனவே எங்கள் கரைக்கு முதலில் வேண்டியது ஊர் அளவுமானி, பிறகு தெரு அளவுமானி, விநியோகம் ஓரளவு சீரான பின்னரே வீட்டு அளவுமானி என்பது என் கருத்து. பொறியாளர்கள் மறுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் எழுத்தில் சொல்லட்டும்.

“தண்ணீரே வராத மாதத்துக்கும் ஏன் கட்டணம்?” என்பது தெருவில் அடிக்கடி எழும் கேள்வி. ஐஸ் ஆலையில் இதற்கு நிகரான ஒன்றை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். ஐஸ் கட்டி விற்காது. ஆனாலும் மின்சாரத்தைப் பயன்படுத்தாவிட்டாலும் மின்வாரியத்துக்குக் கட்டவேண்டிய கேட்புக் கட்டணமும், காவலாளிக்குச் சம்பளமும், வங்கிக்கு வட்டியும் போய்க்கொண்டே இருக்கும். குடிநீர் வழங்கலிலும் செலவின் பெரும்பகுதி இப்படி நிலையானதுதான். ஊழியர் சம்பளம், குழாய்ப் பராமரிப்பு, கடன் தவணை ஆகியவை அனுப்பிய தண்ணீரின் அளவைப் பார்த்துக் குறைவதில்லை. அதே நேரத்தில், நிலையான கட்டணம் வாங்குகிறவர் நிலையான சேவைக்கும் பொறுப்பாளி. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் தண்ணீர் விடுவதாக ஒப்புக்கொண்டீர்கள், எத்தனை முறை விட்டீர்கள் என்ற வரியும் அந்தப் பின்பக்கத்தில் இடம்பெற்றால்தான் கணக்கு இரு பக்கமும் சரியாகும்.

திட்டத்தைக் கட்டியெழுப்பக் கிடைக்கும் பணம் அதை ஓட்டுவதற்குக் கிடைப்பதில்லை என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. கடலாடிப் பக்கம் நரிப்பையூரில், நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் கொள்ளளவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்திச் சுத்திகரிக்க, இன்றைய நல்ல கருவிகளுக்கே ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை மின்சாரம் ஆகிறது. சவ்வுகளையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாகவேண்டும். உப்புக்காற்று இரும்பை விடுவதில்லை. அந்த நிலையம் பின்னாளில் நின்றுபோனது. காவிரித் திட்டத்தின் 616 கோடியை, குடிநீர்த் திட்டங்களுக்கு வழக்கமாகக் கொள்ளும் 30 ஆண்டுகளுக்குப் பகிர்ந்து பார்த்தால், வட்டியில்லாமலேயே ஆண்டுக்கு 20 கோடிக்கு மேல் தேய்மானம் வருகிறது. மூன்று மாவட்டத்துக்கும் பொதுவான அந்தத் தொகை நம் வீட்டுக் கட்டணத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் குழாய் பழுதாகி மாற்றவேண்டிய நாளில் அதற்கென்று ஒதுக்கிய நிதி எங்கே இருக்கிறது என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

கழிவுநீர்ப் பக்கம் வந்தால் கணக்கு இன்னும் கடினமானது. வீட்டுக்குள் வந்த நீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் பொது அளவு. குழாயில் வந்த காவிரி நீரானாலும், ஆழ்துளைக் கிணற்று உவர்நீரானாலும், லாரியில் வாங்கியதானாலும் குளித்துத் துவைத்த பின் எல்லாம் ஒரே சாக்கடைக்குத்தான் போகிறது. ஆகவே குடிநீர் குறைவாக வருகிறது என்பதற்காகச் சாக்கடைச் செலவு குறைவதில்லை.

நம் மண்ணின் அமைப்பு அந்தச் செலவைக் கூட்டிவிடுகிறது. கழிவு அடியில் தங்காமல் தானாக ஓட, குழாயில் நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும். சிறிய குழாயில் அந்த வேகம் கிடைக்க 170 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு வைத்தால், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் ஏறத்தாழ 6 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். மேட்டு நிலத்து ஊர்களில் தரையே சரிவாக இருப்பதால் குழாயும் அதனோடு இறங்கிப்போகும். தட்டையான நம் கடற்கரையிலோ சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும் மணலில் அத்தனை ஆழம் போகமுடியாது. எனவே வழிநெடுகக் கழிவுநீரை மேலே தூக்கிவிடும் பம்பிங் நிலையங்கள் தேவைப்படுகின்றன; மின்சாரம் நின்றால் அவற்றுக்கு ஜெனரேட்டர், அதற்கு டீசல். இது போதாதென்று, குழாய் இணைப்புகளில் விரிசல் விட்டால் நிலத்தடி உவர்நீர் உள்ளே கசியும். அந்த நீரையும் கழிவுநீரோடு சேர்த்துப் பம்ப் செய்து, சுத்திகரிப்பு நிலையம்வரை கொண்டுபோய், அங்கே இரவும் பகலும் ஓடும் காற்றூட்டும் கருவிகளுக்குக் கூடுதல் சுமையாகக் கொடுக்கிறோம். தேங்கிய கழிவிலிருந்து எழும் வாயு, குழாயின் மேல்சுவரில் அமிலமாக மாறிக் கான்கிரீட்டை அரிக்கும். எங்கள் பகுதியில் ஒரு மேன்ஹோல் பழுதுபார்க்கப்பட்டபோது எட்டிப் பார்த்தேன். உட்சுவரில் சிமெண்ட் கைபட்டால் உதிரும் அளவுக்கு மாவாகி, கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தது. ஒரு மூலையில் தெளிந்த ஊற்றுநீர் சன்னமாக உள்ளே வடிந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு செலவை மட்டும் யாரும் மிச்சம் பிடிக்கக்கூடாது என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாக்கடைக்குள் உரிய பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அடைப்பெடுக்கும் ஜெட்டிங் இயந்திரம், உறிஞ்சு லாரி, வாயு கண்டறியும் கருவி, பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் விலை உள்ளவை. அந்த விலை என் வீட்டுக் கட்டணத்தில் வெளிப்படையாக ஒரு வரியாக வரட்டும், கட்டுகிறேன். மலிவான சாக்கடைக் கட்டணம் என்பது பல ஊர்களில் இன்னொருவர் உயிரின் மேல் ஏற்றிவைத்த பாக்கியாகவே இருந்திருக்கிறது. சுத்திகரிக்காமல் விட்டால் மிச்சமாகும் பணமும் அப்படித்தான். 21 தீவுகளைக் கொண்டு 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவும், மறுபுறம் பாக் நீரிணையும் அந்தக் கழிவை ஏற்கும்போது, நட்டம் கரைவலைக்காரர் கணக்கில் எழுதப்படுகிறது.

இனி, யார் உண்மையில் அதிகம் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். இணைப்பு இல்லாத வீட்டுப் பெண் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போகிறார். 15 லிட்டர் குடம் 10 ரூபாய் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 667 ரூபாய் ஆகிறது. 20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்றால் 1,500 ரூபாய். காவிரியிலிருந்து எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் குழாய்த் தண்ணீர் அந்த விலையை நெருங்கப்போவதில்லை. ஆகவே கட்டணத்தை அடிமட்டத்தில் வைத்திருப்பதை ஏழைக்குச் செய்யும் சலுகை என்று நகர்மன்றம் சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்கமுடியவில்லை. அந்தச் சலுகை சம்ப்பும் மோட்டாரும் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும், அறைக்கு அறை குளியலறை வைத்த விடுதிகளுக்கும் போய்ச் சேர்கிறது. பற்றாக்குறையால் குழாய் நீளாத தெருவில் இருப்பவர் குடத்துக்குப் பணம் கொடுக்கிறார். ஒரு குடும்பத்தின் அடிப்படைத் தேவைக்கு உரிய அளவுவரை மிகக் குறைந்த கட்டணமும், அதற்கு மேல் படிப்படியாக உயரும் கட்டணமும், வணிக இணைப்புகளுக்கு முழுச் செலவும் என்று வைப்பதே நியாயம். வைப்புத்தொகையை ஒரே தவணையில் கேட்பதால் இணைப்பே வாங்காமல் இருப்பவர்களுக்குத் தவணை முறை கொடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் புதிய ஆய்வோ ஆலோசகரோ தேவையில்லை. தமிழக நகராட்சிகள் குடிநீர் மற்றும் வடிகாலுக்கென்று தனி நிதிக் கணக்கைப் பராமரித்து வருகின்றன. மின்சாரம், மொத்த நீர் விலை, சம்பளம், பழுது, வட்டி, தேய்மானம் எல்லாம் அதில் தனித்தனித் தலைப்பில் இருக்கின்றன. கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலும் இருக்கிறது. அந்தத் தலைப்புகளின் தொகையை ஆண்டில் வழங்கிய நீரின் அளவால் வகுத்து, ஆயிரம் லிட்டருக்கு எதற்கு எத்தனை ரூபாய் என்று ஒரு சிறு பட்டியலாக அச்சிடுங்கள். கழிவுநீருக்குத் தனிப் பட்டியல் வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாமல் செப்டிக் டேங்க் லாரிக்குத் தனியாகப் பணம் கொடுக்கும் வீட்டிடம் வடிகால் வரி எதற்காக வாங்கப்படுகிறது என்பதையும் அதில் விளக்குங்கள். நிலுவையை வீடு, வணிகம், அரசு அலுவலகம் என்று பிரித்துக் காட்டுங்கள். தெருவில் கடன்காரர்போல நடத்தப்படுவது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான் என்பதால், மற்ற இரண்டும் தெரிந்தாகவேண்டும்.

அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. அடுத்த அரையாண்டுக் கேட்பு அச்சுக்குப் போகும் முன் நடக்கும் சாதாரணக் கூட்டத்தில், இதை ஒரு தீர்மானமாகப் பொருள் நிரலில் சேர்க்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்மானம் ஏற்கப்படாவிட்டால், மறுத்ததற்கான காரணத்தைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்து, அதன் நகலை அலுவலகத் தகவல் பலகையில் ஒட்டும்படியும் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கடலோரக் குடிநீர் இணைப்புதாரர் ஒருவர்