உலை அணைந்த இடத்தில் வளர்ந்த பூங்கா

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த படமும் கிடைத்தன. தங்கச்சிக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. வெயிலில் திரிய விடாதே. இங்கே ஜேர்மனியில் நாங்கள் எல்லோரும் சுகம். ஹம் நகரக் காமாட்சி அம்பாள் தேருக்கு இந்த முறையும் போனோம். உன் வீட்டுக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தேன். சின்னவளுக்கு டுசல்டோர்பில் வேலை கிடைத்துவிட்டது. ரயிலில் அரை மணி நேரம்தான், வீட்டிலிருந்தே போய் வருகிறாள்.

பதில் எழுதப் பிந்திவிட்டேன். அதற்கு அந்தப் படம்தான் காரணம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் சுவரும், அதைப் பிளந்துகொண்டு நிற்கிற ஆலங்கன்றும். இதை ஒரேயடியாக இடித்துத் தள்ளிவிட்டால் நல்லது, கடற்கரைப் பக்கம் போகும்போதெல்லாம் வயிறு எரிகிறது என்று எழுதியிருந்தாய். ஒரு மாதத்துக்கு முன்பு என்றால் நானும் ஆமாம் என்றுதான் எழுதியிருப்பேன். இப்போது அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பேத்தியைப் பள்ளியில் டூயிஸ்பேர்க் நகரத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போயிருக்கிறார்கள். வந்ததிலிருந்து "அம்மப்பா, இரும்பு மலை பார்க்க வாருங்கள்" என்று ஒரே பிடி. போன சனிக்கிழமை போனோம். எஸ்ஸனிலிருந்து ரயில், பிறகு 903ஆம் இலக்க ட்ராம். லாண்ட்ஷாப்ட்ஸ்பார்க் என்ற தரிப்பிடத்தில் இறங்கி நடக்க வேண்டும். டிக்கெட் இல்லை, இரவு பகல் எந்நேரமும் போகலாம். இத்தனை வருடம் இவ்வளவு கிட்ட இருந்தும் நான் போனதில்லை. துருப்பிடித்த இரும்பைப் பார்க்க எதற்குப் போவது என்று நினைத்திருந்தேன்.

அது ஒரு இரும்பாலை, மச்சான். 1901இல் தீசன் குடும்பத்தார் தொடங்கியது. நம் பள்ளிப் புத்தகத்தில் இரும்புத் தாதை உருக்குகிற ஊதுலை என்று படம் போட்டிருந்ததே, அப்படி ஐந்து உலைகள் அங்கே இருந்தனவாம். வேறு வேறு தேவைக்கு ஏற்றபடி வேறு வேறு பக்குவத்தில் இரும்பு கொடுத்ததால் அந்த ஆலைக்கு 'றூர் பிரதேசத்தின் மருந்துக்கடை' என்று பெயர். றூர் என்பது நாங்கள் இருக்கிற இந்தத் தொழிற்சாலைப் பகுதிதான். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்தது. கேட்ட அளவுக்குக் கேட்ட மருந்தைக் கலந்து கொடுக்கிற பரியாரியார் நினைவுக்கு வந்தார். ஐரோப்பாவில் உருக்கு தேவைக்கு மேல் குவிந்துவிட்டது, உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்று 1985இல் ஆலையை மூடினார்கள்.

இடிப்பதாகத்தான் பேச்சு இருந்தது. ஊர்ச்சனம் விடவில்லை. மாநில அரசு நிலத்தை வாங்கியது. வரைபடம் கேட்டுப் போட்டி வைத்தபோது பீற்றர் லட்ஸ் என்ற நிலத்தோற்றக் கலைஞரின் திட்டம் தேர்வானது. அவர் உலையை இடிக்கவில்லை, சாயம் பூசிப் பளபளப்பாக்கவும் இல்லை. நின்றது நின்றபடியே நிற்க, அதற்குள்ளே ஆட்கள் நடக்க வழி செய்தார். 1994இல் திறந்தார்கள். ஏறக்குறைய 180 ஹெக்டேயர். ஒரு நாளில் நடந்து முடிக்க முடியாது. நாங்கள் பாதிகூடப் பார்க்கவில்லை.

தாது கொட்டி வைத்த பெரிய கொங்கிறீட் அறைகளுக்குக் கூரை இல்லை. சிலவற்றுக்குள் பூந்தோட்டம். ஒரு சுவரில் இளம்பிள்ளைகள் கயிறு கட்டி மலையேறப் பழகுகிறார்கள். வாயு நிரப்பி வைத்த பிரமாண்டமான தொட்டிக்குள் இப்போது தண்ணீர். 13 மீற்றர் ஆழம். அதற்குள் மனிதர்கள் மூழ்கி நீந்தப் பழகுகிறார்கள். அடியில் ஒரு படகைக்கூட இறக்கி வைத்திருக்கிறார்களாம். அந்தப் பக்கம் ஓடுகிற எம்ஷர் ஆறு, நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் திறந்த சாக்கடை. ஊர்க் கழிவும் ஆலைக் கழிவும் அதில்தான் போகும், மூக்கைப் பொத்திக்கொண்டு பாலம் கடப்போம். கழிவுக்கென்று நிலத்தடியில் தனிக் குழாய் போட்டு, ஏறக்குறைய 30 ஆண்டு பாடுபட்டு 2021 முடிவில்தான் ஆற்றில் கழிவு கலப்பதை முழுதாக நிறுத்தினார்கள். பூங்காவுக்குள் அதன் பழைய வாய்க்காலில் மழைத் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். ஓரத்தில் நாணல். நீலத் தும்பி ஒன்று நாணல் நுனியில் இருந்து எழும்பி மறுபடி அதே நுனியில் வந்து இருந்ததைப் பேத்தியும் நானும் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மரங்களில் பாதி யாரும் நட்டவை அல்ல. தண்டவாளக் கற்களுக்கு நடுவே பேர்ச் மரங்கள் தாமாகவே முளைத்துக் காடாகியிருக்கின்றன. வெள்ளைத் தோல், காகிதம் போல உரிகிறது. வெளிநாடுகளிலிருந்து வந்த தாதுவோடு ஒட்டி வந்த விதைகளும் அங்கே வேர்விட்டிருக்கின்றன. எங்கிருந்தோ வந்து விழுந்து, கரியிலும் கசட்டிலும் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. அதை அறிந்தபோது எனக்கு இந்த நாட்டில் இருக்கிற நம் சனத்தின் நினைவு வந்தது.

நடுவில் ஒரு முற்றம். 49 இரும்புத் தகடுகளைச் சதுரமாகப் பரப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 7, 8 தொன். மங்கனீசு இரும்பை உருக்கி வார்த்த இடத்தில் கிடந்தவையாம். நான் குனிந்து ஒன்றைத் தடவிப் பார்த்தேன். வெயிலில் சூடாக இருந்தது. மேல்பரப்பு அலை வற்றிய மணல் போல வரி வரியாக அரிபட்டுக் கிடந்தது. உருகிய இரும்பு ஓடி ஓடித் தின்ற தடம் அது. எந்தச் சிற்பியும் அதைச் செதுக்கவில்லை. வேலைதான் செதுக்கியது.

5ஆம் உலையின் வார்ப்புக் கூடத்தில் ஒரு மனிதர் ஒரு சிறு கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். இளம் வயதில் அதே உலையில் வேலை செய்தவர். உலையின் அடியில் களிமண் அடைத்த ஒரு துளை. அதைத் துளைத்துத் திறந்தால் இரும்பு தரையில் வெட்டிய மணல் வாய்க்கால் வழியே பாயும். கூட்டம் கலைந்த பிறகு பேத்தி அவரிடம், இரும்பு என்ன நிறத்தில் வரும் என்று கேட்டாள். அவர் அந்த வாய்க்கால் ஓரத்தில் மெல்ல முழங்காலிட்டு, விளிம்பில் கையை வைத்தார். முதலில் வெள்ளை, கண்ணால் பார்க்க முடியாது, பிறகு மஞ்சள், ஆற ஆறச் சிவப்பு என்றார். ஒவ்வொரு நிறத்துக்கும் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்கால் நெடுகத் தள்ளி வைத்துக் காட்டினார். இரும்பு இப்போதும் அதில் ஓடுகிற மாதிரி.

பிறகு என்னோடு கொஞ்சம் கதைத்தார். ஆலை மூடியபின் பல வருடம் இந்தத் தெருப்பக்கமே வரவில்லையாம், சுற்றிப் போவாராம். பூங்காவாகத் திறந்த பிறகு மகன் இழுத்துக்கொண்டு வந்தான். தான் வியர்வை சிந்திய இடத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடுவதைப் பார்த்ததும் கோபம் வந்ததா, சந்தோசம் வந்ததா என்று அன்று தனக்கே பிடிபடவில்லை என்றார். இப்போது கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் காட்டுகிறார். எந்தப் படியில் நிற்பேன், எந்தச் சுவரில் சட்டையைத் தொங்கவிடுவேன் என்று ஒன்றும் விடாமல் சொன்னார். அந்தச் சுவர் நிற்கிறது, மச்சான். கொளுவியும் அப்படியே இருக்கிறது.

அப்போதுதான் எனக்கு உன் ஐயா நினைவு வந்தது. பின்னேரம் உங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு சைக்கிளை உருட்டி வருவார். ஹான்டிலில் சாப்பாட்டுக் கரியர். புருவமும் கைமயிரும் சீமெந்துத் தூசியில் வெளுத்திருக்கும். நாம் பயந்து ஒழுங்கையில் ஒதுங்கி நிற்போம். கிணற்றடியில் இரண்டு வாளி ஊற்றிய பிறகுதான் அவருக்குத் தன் முகம் திரும்பி வரும். 1990 ஆனியில் போருக்குப் பயந்து எல்லோரும் ஓடிய அன்றோடு அந்த ஆலையும் நின்றது. அவர் போய் இத்தனை வருடமாகிவிட்டது. அவர் தன் வேலையைப் பற்றி என்ன சொன்னார், எந்த இடத்தில் நின்றார் என்று உனக்குத் தெரியுமா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன்னிடம் கேட்டதும் இல்லை.

இங்கே செய்ததை அப்படியே அங்கே செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. காசு வேறு, காலம் வேறு. இந்த ஆலையைக் காசுக் கணக்குத்தான் மூடியது, நம்முடையதைப் போர் மூடியது. காணியை இழந்தவர்களின் வலி முதலில் தீர வேண்டும். ஆனால் இடித்து எறிவதற்கு அவசரப்படாதே என்று உன்னைக் கேட்கிறேன். அந்தச் சுவர் அவமானம் இல்லை, மச்சான். அது ஐயாவும் அவரைப் போல ஆயிரம் பேரும் தங்கள் கையால் உழைத்த இடம். அதையும் எடுத்துவிட்டால் இங்கே ஒரு வேலை நடந்தது என்று சொல்லக் கடலைத் தவிர வேறு சாட்சி இராது. ஆலங்கன்று இருக்கட்டும். அதற்கு நிழல் தரத் தெரியும்.

5ஆம் உலையின் மேல்தட்டு வரை ஏறினோம். ஏறக்குறைய 70 மீற்றர் உயரம். என் முழங்காலுக்கு இரண்டு இடத்தில் இளைப்பாறல் தேவைப்பட்டது. மேலே நின்றால் றைன் ஆற்றுப் பக்கத்தில் இன்னும் புகை விடுகிற ஆலைகள் தெரியும், கீழே காடு. ஆடியில் இங்கே இருட்டப் பத்து மணியாகும். காத்திருந்தோம். வார இறுதி இரவுகளில் உலைகளுக்கு விளக்குப் போடுகிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம். உலையின் வாயடியில் சிவப்பு விளக்கு எரிந்தபோது பேத்தி என் கையைப் பிடித்து, "அந்தத் தாத்தா சொன்ன நிறம்" என்றாள்.

இந்த உறைக்குள் பேர்ச் மரத்துத் தோல் ஒரு துண்டு வைத்திருக்கிறேன், தங்கச்சியிடம் காட்டு. நீ அடுத்த முறை எழுதும்போது ஐயா எந்தப் பகுதியில் வேலை செய்தார், எத்தனை மணிக்குப் போவார், அவரோடு வேலை செய்தவர்களில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுது. உன் பெரியக்காவுக்குத் தெரிந்திருக்கும், அவவிடம் கேள். அந்தப் பழைய அடையாள அட்டை வீட்டில் எங்காவது கிடந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் ஒழுங்கைக்கூட்டாளி